'கைண்ட் ஆஃப்', 'டைப் ஆஃப்': எங்கே 'ஸ்' போடுவது?

கரூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிதில், ஜெர்மனியில் இருந்த பையர் ஒருவருக்கு ஒரு மெயில் போட்டேன். சமையலறைத் துண்டு ஆர்டர். அடர் நிறங்களுக்குக் குறிப்பிட்ட சில வகைச் சாயங்களைத்தான் போடுவோம் என்று சொல்ல நினைத்து, 'ஃபார் டார்க் கலர்ஸ் வீ யூஸ் சம் கைண்ட் ஆஃப் டை' என்று எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது, எங்கள் முதலாளிக்கும் ஒரு காப்பியோடு. என்ன சாயம் என்று உங்களுக்கே தெரியாதா, தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள், டெஸ்ட் ரிப்போர்ட்டும் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். அஸோ என்ற செயற்கைச் சாய வகையில் சிலவற்றுக்கு ஐரோப்பாவில் தடை உண்டு, அதனால் அவர் பதறியதில் நியாயம் இருக்கிறது. நான் எழுதியிருந்த வாக்கியத்துக்கு அர்த்தம், "ஏதோ ஒரு சாயத்தைப் போடுவோம்" என்பது. 'கைண்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு 'ஸ்' விட்டுப்போனதால் வந்த வினை.

அன்றிலிருந்து இந்த வகைச் சொற்கள் மேல் எனக்கு ஒரு கண். கைண்ட், டைப், சார்ட் இந்த மூன்றும்தான் அடிக்கடி வரும். வெரைட்டி, ஸ்பீஷீஸ், பிராண்ட், கிளாஸ், ஸ்டைல், ஃபார்ம் எல்லாம் அதே குடும்பம். இவற்றுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லை ஒருமையில் போடுவதா பன்மையில் போடுவதா என்று தடுமாறுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், ஏனென்றால் பாதிப் பிழைகள் காதில்தான் பிடிபடும்.

முதலில், நமக்கு மட்டும் ஏன் இது இவ்வளவு இடறுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். "இந்த வகையான கேள்விகள்" என்று நாம் சொல்லும்போது தலைமைச் சொல் எது? கேள்விகள். 'வகையான' என்பது அதற்கு அடைமொழி, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் கொஸ்டின்ஸ்' என்றால் சொற்கள் கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் நிற்கின்றன, ஆனால் தலைமைச் சொல் இடம் மாறிவிடுகிறது. அங்கே தலைவர் 'கைண்ட்ஸ்'. 'ஆஃப்'புக்குப் பின்னால் வருபவர் கூட வந்த ஆள். நாம் பழக்கதோஷத்தில் கடைசிச் சொல்லைத் தலைவராக்கி, அதைப் பன்மையாக்கி, அதற்கேற்றபடி முன்னால் 'தீஸ்' போட்டு, நடுவில் இருக்கும் 'கைண்ட்'டை அடைமொழி மாதிரி அப்படியே விட்டுவிடுகிறோம். 'தீஸ் கைண்ட் ஆஃப் கொஸ்டின்ஸ்' பிறப்பது இப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நமக்கு 'இந்த' ஒன்றே போதும், இந்த மாம்பழம், இந்த மாம்பழங்கள். எண் போட்டாலும் "பத்து மாம்பழம் குடுங்க" என்றுதான் கடையில் கேட்போம், யாரும் "மாம்பழங்கள்" என்று திருத்த மாட்டார்கள். பள்ளியில் பால்பகா அஃறிணைப் பெயர் என்று படித்திருப்பீர்கள், மரம் வளர்ந்தது, மரம் வளர்ந்தன. பெயர் அப்படியே நிற்கும், ஒன்றா பலவா என்பதை வினை சொல்லிவிடும். ஆங்கிலத்துக்கு இந்தத் தாராளம் கிடையாது.

சரி, படிப்படியாகப் போகலாம்.

முதல் படி: வகையை எண்ணுங்கள்

வாக்கியத்தை எழுதும் முன் ஒரே கேள்வி: நான் சொல்வது எத்தனை வகை? எத்தனை பொருள் என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கிடங்கில் பத்தாயிரம் துண்டு அடுக்கியிருக்கலாம், எல்லாம் ஒரே நெசவு, ஒரே கனம் என்றால் அது ஒரு வகை. அப்போது 'திஸ் கைண்ட் ஆஃப் டவல்'. பத்தாயிரம் இருந்தாலும் 'டவல்' ஒருமையில்தான். மேசை மேல் மூன்றே மூன்று சாம்பிள் கிடக்கிறது, ஒன்று டெர்ரி, ஒன்று வாஃபிள், ஒன்று சாதா நெசவு. அது மூன்று வகை. 'த்ரீ கைண்ட்ஸ் ஆஃப் டவல்ஸ்'.

இது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் இதைத் தொடர்ந்து தானாக வந்துவிடும். நான் பார்த்தவரை தடுமாறுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள், விதி தெரியாமல் அல்ல. பொருள் நிறைய இருந்தால் கை தானாகப் பன்மைக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது படி: முன்னால் வரும் சொல்

வகை ஒன்று என்றால் அதற்கு முன்னால் திஸ், தட், ஏ, ஈச், எவ்ரி, அனதர் வரும். வகை பல என்றால் தீஸ், தோஸ், மெனி, செவரல், ஆல், டிஃபரன்ட், அல்லது டூ, த்ரீ மாதிரி எண்கள். 'எவ்ரி டைப் ஆஃப் ஃபேப்ரிக்', 'ஆல் டைப்ஸ் ஆஃப் ஃபேப்ரிக்'. அர்த்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் 'எவ்ரி'க்கு ஒருமை, 'ஆல்'லுக்குப் பன்மை. கடைப் பலகைகளில் "ஆல் டைப் ஆஃப் ஒர்க்ஸ் அண்டர்டேக்கன்" என்று எழுதியிருப்பதை நம் ஊரில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அங்கே 'டைப்'புக்கு ஒரு 'ஸ்' வேண்டும், 'ஒர்க்'குக்கு இருக்கும் 'ஸ்'ஸை எடுத்துவிட வேண்டும். 'ஆல் டைப்ஸ் ஆஃப் ஒர்க்'. ஒரே 'ஸ்'ஸை இடம் மாற்றி வைத்தால் முடிந்தது, பெயின்டருக்குக் கூடுதல் செலவுகூட இல்லை.

'திஸ்', 'தீஸ்' குழப்பத்துக்கு ஒரு குறுக்குவழி. குறில் என்றால் ஒன்று, நெடில் என்றால் பல. குறில் நெடில் நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேசும்போது பலர் இரண்டையும் 'திஸ்' என்றே சொல்லிவிடுகிறார்கள், அதே பழக்கம் எழுத்துக்கும் வந்துவிடுகிறது. அதேபோல் 'கைண்ட்ஸ் ஆஃப்' என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் இருக்கும் 'ஸ்' காதில் விழாமல் போய்விடும். கேட்காததை எழுத மாட்டோம் இல்லையா, அதனால்தான் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்.

மூன்றாவது படி: 'ஆஃப்'புக்குப் பின்னால்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

வகைச் சொல் ஒருமையில் இருந்தால் பின்னால் வருவதும் ஒருமை. 'திஸ் கைண்ட் ஆஃப் கொஸ்டின்', 'தட் டைப் ஆஃப் மெஷின்', 'எ வெரைட்டி ஆஃப் மேங்கோ'. மல்கோவா ஒரு மாம்பழ வகை என்றால் 'மல்கோவா இஸ் எ வெரைட்டி ஆஃப் மேங்கோ', 'மேங்கோஸ்' அல்ல.

வகைச் சொல் பன்மையில் இருந்தால் பின்னால் பன்மை போடுவது பாதுகாப்பான வழி. 'தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் கொஸ்டின்ஸ்'. ஆனால் 'தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் கொஸ்டின்' என்று ஒருமையில் எங்காவது பார்த்தால் பிழை என்று சிவப்பு மை எடுக்க வேண்டாம், அதுவும் சரிதான். பிரிட்டிஷ் நடையிலும், அறிவியல் எழுத்திலும், கொஞ்சம் விறைப்பான எழுத்திலும் அது வரும். 'த்ரீ டைப்ஸ் ஆஃப் எரர்' என்று புள்ளியியல் புத்தகத்தில் இருந்தால், பிழை என்ற பொதுக் கருத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்பவர் இரண்டுக்கும் நடுவில் அல்லாட வேண்டாம். பன்மைக்குப் பன்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எண்ண முடியாத பெயர்கள். ரைஸ், பிரெட், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், பிளட். இவற்றுக்கு முன்னால் 'கைண்ட்' வந்தாலும் 'கைண்ட்ஸ்' வந்தாலும் இவை அசையாது. பொன்னி, சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா என்று வரிசையாகச் சொன்னாலும் 'டிஃபரன்ட் கைண்ட்ஸ் ஆஃப் ரைஸ்'தான். 'ஃபர்னிச்சர்ஸ்' என்று நம் ஊர்ப் பலகைகளில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து அது சரி என்றே மனசில் பதிந்துவிட்டது. 'ஆல் கைண்ட்ஸ் ஆஃப் ஃபர்னிச்சர்' என்பதுதான் சரி. உண்மையில் வகைச் சொற்களின் பெரிய பயனே இங்கேதான். ஃபர்னிச்சரையோ அட்வைஸையோ நேரடியாக எண்ண முடியாது, முன்னால் ஒரு 'கைண்ட்ஸ்' போட்டுவிட்டால் எண்ணிவிடலாம்.

இதற்கு நேர் எதிராக, எப்போதும் பன்மையிலேயே இருக்கும் சொற்கள் சில உண்டு. சிஸர்ஸ், டிரவுசர்ஸ், கிளாத்ஸ். கத்தரிக்கோலுக்கு ஆங்கிலத்தில் ஒருமையே கிடையாது, அதனால் 'திஸ் கைண்ட் ஆஃப் சிஸர்ஸ்' என்று எழுதுவதைத் தவிர வழியில்லை. 'கிளாத்ஸ்' வரும் இடத்தில் நான் 'திஸ் கைண்ட் ஆஃப் கிளாதிங்' என்று மாற்றிக்கொள்வேன், படிக்க இதமாக இருக்கும். மனிதர்கள் விஷயத்தில் 'திஸ் கைண்ட் ஆஃப் பெர்சன்' என்பது சுத்தம். 'பீப்பிள்' வேண்டும் என்றால் 'பீப்பிள் லைக் திஸ்' என்று திருப்பிவிடுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கேள்வியில் 'வாட் கைண்ட் ஆஃப் புக்ஸ் டூ யூ ரீட்' என்று தாய்மொழிக்காரர்களே பன்மையில் கேட்பார்கள், சர்வ சாதாரணமாக. யாரும் ஒரே ஒரு புத்தகம் படிப்பதில்லை என்பதால் அப்படி வருகிறது. இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். பல வகை இருக்கும் என்று நினைத்துக் கேட்டால் 'வாட் கைண்ட்ஸ் ஆஃப் புக்ஸ்'. உங்களிடம் இருப்பது ஒரே கார் என்று தெரிந்தால் 'வாட் கைண்ட் ஆஃப் கார்'.

நான்காவது படி: நடுவில் 'ஏ' வேண்டாம்

'எ கைண்ட் ஆஃப் எ ஃபிஷ்' வேண்டாம், 'எ கைண்ட் ஆஃப் ஃபிஷ்' போதும். 'ஆஃப்'புக்குப் பின்னால் 'ஏ', 'ஆன்' எதுவும் எழுத்தில் தேவையில்லை. பேச்சில் வரும். அதிலும் 'வாட் கைண்ட் ஆஃப் எ மேன் ஆர் யூ' என்று ஒருவர் உங்களைப் பார்த்துக் கேட்டால் அவர் தகவல் கேட்கவில்லை, "என்ன மனுஷன்யா நீ" என்கிறார். அந்தச் சின்ன 'ஏ'வுக்குள் அவ்வளவு கோபம் இருக்கலாம். எனவே பையருக்கு 'வாட் கைண்ட் ஆஃப் எ பேக்கிங் டூ யூ வாண்ட்' என்று எழுதாதீர்கள். கோபமாகத் தெரியாது, ஆனால் பிழையாகத் தெரியும்.

ஐந்தாவது படி: வினை யாரோடு போகும்?

தலைவரோடு. அதாவது கைண்ட் அல்லது கைண்ட்ஸோடு. 'திஸ் கைண்ட் ஆஃப் மிஸ்டேக் இஸ் காமன்.' 'தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் மிஸ்டேக்ஸ் ஆர் காமன்.' முதல் மூன்று படிகளைச் சரியாகச் செய்திருந்தால் வாக்கியம் முழுக்க ஒன்று ஒருமையாக ஓடும், இல்லையென்றால் பன்மையாக ஓடும். முன்சொல், வகைச்சொல், பின்சொல், வினை நான்கும் ஒரே வரிசையில் நிற்கும். எதாவது ஒன்று மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் அங்கேதான் பிழை.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு 'தீஸ் கைண்ட் ஆஃப்' பழைய எதிரி. பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் அது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பகுதியைக் குறிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிழையை ஆங்கிலேயர்களும் செய்கிறார்கள், இன்று நேற்றல்ல, நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாடகத்திலேயே இருக்கிறது. பேச்சில் இன்றும் சாதாரணமாக வரும். அதனால் படத்திலோ பேட்டியிலோ கேட்டால் குழம்ப வேண்டாம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் மட்டும் வேண்டாம்.

கால் வழுக்கும் இடங்கள்

முதலாவது, நான் விழுந்த அதே குழி. 'சம் கைண்ட் ஆஃப்' என்றால் "ஏதோ ஒரு", என்னவென்று தெரியாத ஒன்று. 'சம் கைண்ட் ஆஃப் அனிமல்' என்றால் இருட்டில் ஏதோ ஒரு மிருகம் ஓடியது. 'சம் கைண்ட்ஸ் ஆஃப் அனிமல்ஸ்' என்றால் சில வகை மிருகங்கள். துணியில் கறை இருக்கிறது என்று தரப் பரிசோதனை ஆள் 'சம் கைண்ட் ஆஃப் ஸ்டெயின்' என்று எழுதினால் அது சரி, அவருக்கு அது எண்ணெயா துருவா என்று தெரியவில்லை. நாம் வாங்கிப் போடும் சாயத்தைப் பற்றி அப்படி எழுதினால் வம்பு. "குறிப்பிட்ட சில வகை" என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'செர்ட்டன் கைண்ட்ஸ் ஆஃப்' இன்னும் தெளிவு.

அடுத்தது 'வெரைட்டி'. இதற்கு இரண்டு முகம். 'திஸ் வெரைட்டி ஆஃப் மேங்கோ' என்றால் இந்த ரகம். 'எ வெரைட்டி ஆஃப் மேங்கோஸ்' என்றால் பலவிதமான மாம்பழங்கள். இரண்டாவது அர்த்தத்தில் பின்னால் பன்மைதான் வரும், வினையும் பெரும்பாலும் பன்மை, 'எ வெரைட்டி ஆஃப் டிஷஸ் வேர் சர்வ்ட்'. முன்னால் இருக்கும் 'ஏ'வைப் பார்த்து ஏமாந்து 'வாஸ்' போட வேண்டாம். ஆனால் அந்த 'ஏ' மாறி 'தி வெரைட்டி ஆஃப் டிஷஸ் வாஸ் சர்ப்ரைசிங்' என்று வந்தால் அங்கே வியப்புக்குரியது உணவுகள் அல்ல, அத்தனை விதம் இருந்தது என்ற விஷயம். அதனால் ஒருமை.

'ஸ்பீஷீஸ்' ஒருமைக்கும் அதுதான், பன்மைக்கும் அதுதான். 'திஸ் ஸ்பீஷீஸ் இஸ்', 'தீஸ் ஸ்பீஷீஸ் ஆர்'. ஒரு பறவை இனத்தைப் பற்றி எழுதும்போது கடைசி 'ஸ்'ஸைப் பன்மை விகுதி என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் கிடைக்கும் 'ஸ்பீஷீ' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் வேறு அர்த்தம் இருக்கிறது, நாணயக் காசு. 'சீரீஸ்' என்ற சொல்லும் இதே ரகம்.

எண் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். 'டூ டைப்ஸ்' என்றால் இரண்டு வகை. 'டைப் டூ' என்றால் இரண்டாம் வகை, ஒன்றே ஒன்று. சர்க்கரை நோயில் 'டைப் 2' என்று சொல்வது எண்ணிக்கை அல்ல, பெயர். அங்கே 'டைப்ஸ்' வராது.

இன்னொன்று, வகையே இல்லாத 'கைண்ட் ஆஃப்'. 'ஐ கைண்ட் ஆஃப் லைக் இட்' என்றால் "ஒரு மாதிரி பிடிச்சிருக்கு". 'சார்ட் ஆஃப்' என்றாலும் அதே. நம் "ஒரு மாதிரி" எப்படி மாதிரியைக் குறிக்காமல் வெறும் இழுவையாக வருகிறதோ, அப்படியே. இதற்கு எந்தக் காலத்திலும் 'ஸ்' கிடையாது, அலுவலக மெயிலில் இடமும் கிடையாது.

கொஞ்சம் கை பழகலாம்

'தேர் ஆர் மெனி டைப் ஆஃப் மேங்கோ இன் சேலம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வகை எத்தனை? மெனி, பல. எனவே 'டைப்ஸ்', அதைத் தொடர்ந்து 'மேங்கோஸ்'. அடுத்தது, 'தோஸ் சார்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்ஸ் ஆர் நாட் யூஸ்ஃபுல்'. இதில் இரண்டு பிழை. சொல்ல வந்தது ஒரு ரகத் தகவல் என்றால் 'தட் சார்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன் இஸ் நாட் யூஸ்ஃபுல்'. பல ரகம் என்றால் 'தோஸ் சார்ட்ஸ்', 'ஆர்', ஆனால் 'இன்ஃபர்மேஷன்' அசையாது. மூன்றாவது, 'வீ ஹேவ் டூ டைப் டவல்'. 'ஆஃப்'பே இல்லை. "இரண்டு டைப் துண்டு" என்று நாம் தினமும் பேசுவது அப்படியே இறங்கியிருக்கிறது. 'டூ டைப்ஸ் ஆஃப் டவல்ஸ்'.

எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை என்றால் தப்பிக்க ஒரு சந்து உண்டு. பொருளை முன்னால் தூக்கிப் போட்டு வகையைப் பின்னால் தள்ளிவிடுங்கள். 'கொஸ்டின்ஸ் ஆஃப் திஸ் கைண்ட் ஆர் ஈஸி.' இங்கே தலைவர் 'கொஸ்டின்ஸ்', வினை அவரோடு போகிறது. நம் தமிழ் மனசுக்கும் இது ஒத்துப்போகும், பொருளே தலைமை. பார்க்கவும் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். நான் அறிக்கை எழுதும்போது பாதி நேரம் இந்தச் சந்தில்தான் போகிறேன்.

மீதி பாதி நேரம் வகைச் சொல்லையே எடுத்துவிடுகிறேன். "இந்த மாதிரி", "ஒரு வகையான" என்று தமிழில் சும்மா ஒட்டிக்கொண்டு வருவதையெல்லாம் ஆங்கிலத்தில் 'கைண்ட் ஆஃப்' ஆக்க வேண்டிய அவசியமில்லை, பெயர் தெரிந்த பொருளைப் பெயர் சொல்லியே எழுதிவிடலாம். அந்த ஜெர்மன் பையருக்கு நான் கடைசியில் அனுப்பிய திருத்தம் 'வீ யூஸ் ஒன்லி ரியாக்டிவ் டைஸ்' என்ற ஒரே வரி, கூடவே லேப் ரிப்போர்ட். 'நோட்டட், தேங்க்ஸ்' என்று பதில் வந்தது. முதலாளி மட்டும் அடுத்த ஒரு மாசத்துக்கு நான் டீ கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம், இது என்ன டீயா, இல்லை 'சம் கைண்ட் ஆஃப் டீ'யா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.